புலம் விடுபட்ட ஆவணங்களைத் தேடல் சுட்டியில் விரைவாகக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வட்டாரத்து மாங்காய் மண்டிகளிலிருந்து கூழ் ஆலைகளுக்குச் செல்லும் சுமைகளின் எடைச்சீட்டுகளைத் தேடுவதற்கான ஒரு சிறிய அமைப்பை நான் பராமரித்து வருகிறேன். பருவ மாதங்களில் மண்டிக் கணக்கர்களும், ஆலையின் தரப் பரிசோதகர்களும், அவர்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே வகைக் கேள்வியைத்தான்: எந்தச் சீட்டில் பிரிக்ஸ் (பழச்சாற்றின் இனிப்பளவு) எழுதவில்லை, எந்த விவசாயியின் கைப்பேசி எண் இல்லை, எந்தச் சுமைக்கு ஊர்ப்பெயர் விடுபட்டிருக்கிறது? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வி தேடல் பொறிக்கு எளிதானதல்ல. அதை ஒட்டி எழுந்த ஐயங்களுக்கான விடைகள் கீழே உள்ளன. ஒவ்வொரு சீட்டும் பொறிக்கு ஓர் ஆவணம், சீட்டில் நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். எடுத்துக்காட்டுகளில் புலங்களின் பெயரைத் தமிழில் எழுதியிருப்பது படிப்பதற்காக மட்டுமே. உண்மையான அமைப்பில் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இருக்கும் ஒன்றை நொடியில் தேடித் தரும் பொறி, இல்லாததைத் தேடும்போது மட்டும் ஏன் திணறுகிறது?

பழைய மண்டிக் கணக்கு முறையை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வந்த சுமைகளை வந்த வரிசையிலேயே எழுதி வைப்பது நாளேடு. அதிலிருந்து பெயர்வாரியாகப் பிரித்து, இந்தப் பெயரில் இன்னின்ன நாளில் இன்னின்ன சீட்டு என்று எழுதிக்கொள்வது பேரேடு. லூசீன் என்ற தேடல் நிரல் நூலகமும், அதன்மேல் கட்டப்பட்ட சோலர், எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் ஆகிய தேடல் பொறிகளும் தேடலுக்குப் பயன்படுத்துவது பேரேட்டைத்தான். அதற்குத் தலைகீழ்ச் சுட்டி என்று பெயர். ‘வகை’ என்ற புலத்தில் ‘பெங்களூரா’ என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் இருக்கும். அந்தச் சொல் இடம்பெற்ற சீட்டுகளின் எண்கள் எல்லாம் ஏறுவரிசையில் அப்பக்கத்தில் இருக்கும். ‘செந்தூரா’வுக்கு வேறொரு பக்கம், ‘நீலம்’ வகைக்கு மற்றொரு பக்கம். தேடும்போது பொறி சீட்டுகளைப் புரட்டுவதில்லை. உரிய பக்கத்தைத் திறந்து அதிலுள்ள எண்களைப் படித்துத் தருகிறது, அவ்வளவே.

இப்போது பிரிக்ஸ் எழுதப்படாத ஒரு சீட்டு வருகிறது. பேரேட்டில் அது பிரிக்ஸ் தொடர்பான எந்தப் பக்கத்திலும் ஏறாது. ‘பிரிக்ஸ் எழுதாதவை’ என்று ஒரு பக்கம் பேரேட்டில் கிடையாது, ஏனெனில் அப்படி ஒரு பக்கம் தொடங்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆகவே பொறி இரண்டு வேலை செய்தாக வேண்டும்: முதலில் பிரிக்ஸ் உள்ள சீட்டுகள் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும், பிறகு மொத்தச் சீட்டுகளிலிருந்து அவற்றைக் கழிக்க வேண்டும். தேடுபவர் எதிர்பார்ப்பது பத்துச் சீட்டாக இருந்தாலும், அதைக் கண்டறிய இருபது லட்சம் சீட்டுகளைக் கடந்து வர நேரிடலாம்.

‘இல்லை’ என்று நாம் சொல்வதும் பொறி சொல்வதும் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் இக்கேள்வியைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

மண்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு சீட்டில் பிரிக்ஸ் இல்லாமைக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. அளந்திருக்க வேண்டும், அளக்கவில்லை என்பது ஒன்று. அளந்தார்கள், ஆனால் எண் கணினிக்கு வந்து சேரவில்லை என்பது இரண்டாவது. அளக்க வேண்டிய தேவையே இல்லை என்பது மூன்றாவது: ஊறுகாய்க்குப் போகும் பச்சைக் காய்க்குப் பிரிக்ஸ் பார்த்து என்ன பயன்? இந்த மூன்றையும் சுட்டி ஒன்றாகவே பார்க்கும். பரிசோதகருக்கு வேண்டியவை முதல் இரண்டு மட்டுமே என்றால், ‘பயன்’ புலத்தில் ‘ஊறுகாய்’ என்றுள்ள சீட்டுகளை நீங்களே விலக்கியாக வேண்டும்.

பொறியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு புலத்தின் மதிப்பு ‘நல்’ (null, மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்று வந்தாலோ, ஒன்றுமில்லாத பட்டியலாக வந்தாலோ அப்புலம் இல்லாததாகவே கருதப்படும். ஆனால் வெறும் மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றுமில்லாமல் வரும் வெற்றுச் சரமும், ஒற்றைக் கோடும் ‘இருப்பவை’ என்றே கணக்கில் சேரும். ஒரு ‘நல்’லும் ஓர் உண்மையான மதிப்பும் கலந்த பட்டியலும் இருப்பதாகவே கொள்ளப்படும். நம் கணக்கர்கள் எண் தெரியாத இடத்தில் கோடு போடும் பழக்கம் உடையவர்கள். காகிதத்தில் அது ‘இல்லை’ என்று பொருள்படும், சுட்டியிலோ ‘உண்டு’ என்று பொருள்படும். கைப்பேசி எண் புலத்தை எழுத்துச்சரமாக வைத்திருந்தால் இந்தக் கோடுகளே உங்கள் கணக்கைக் கெடுக்கப் போதுமானவை.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. காகிதத்தில் மதிப்பு இருக்கும், மூல ஆவணத்திலும் இருக்கும், ஆனால் சுட்டி அதை இல்லை என்று சொல்லும். நீள வரம்பு வைக்கப்பட்ட சரப் புலத்தில் அந்த வரம்பை மீறிய மதிப்பு வந்தால் அது சுட்டியில் ஏறாது. எண் புலத்தில் ‘பதினாலரை’ என்று எழுத்தில் வந்து, பிழையான மதிப்பைப் புறக்கணிக்கும்படி அமைப்பைச் செய்திருந்தால் அதுவும் ஏறாது. புலத்தைச் சுட்டியிலும் ஏற்ற வேண்டாம், நிரல்வாரிச் சேமிப்பிலும் (மதிப்புகளைப் புலம்வாரியாக அடுக்கி வைக்கும் இடம்) வைக்க வேண்டாம் என்று வரையறுத்திருந்தால் எந்தச் சீட்டிலும் அப்புலம் இருப்பதாகவே தெரியாது. ஆகவே ‘விடுபட்டது’ என்று பொறி கொடுக்கும் சீட்டுகளில் நான்கைந்தையாவது திறந்து மூல ஆவணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கரிடம் குறை சொல்லப் போக வேண்டும். அவர் எழுதியிருப்பார், நம் அமைப்பு விழுங்கியிருக்கும்.

இந்த வேறுபாடுகளைத் தேடும் நேரத்தில் சமாளிக்க முயல்வது வீண் வேலை. ஆவணம் சுட்டிக்குள் நுழைவதற்கு முன்பே இருபுறமும் உள்ள இடைவெளிகளை வெட்டி, கோடு, வெற்றுச் சரம், ‘தெரியாது’ போன்ற நிரப்பிகளை நீக்கி, இல்லாததை உண்மையாகவே இல்லாததாக ஆக்கிவிட வேண்டும். சோலரில் வெற்றுப் புலங்களைக் களைவதற்கென்றே முன்செயலி ஒன்று உடன் வருகிறது. எலாஸ்டிக்சர்ச்சில், ஆவணம் ஏறுமுன் கடந்து வரும் உள்ளீட்டுக் குழாய்த்தொடரில் ஒரு சிறு நிரல் போதும்.

சோலரில் வினவலை எப்படி எழுதுவது? சில இடங்களில் விடையே வராமல் போவது ஏன்?

எளிய வடிவம் இதுதான்:

-பிரிக்ஸ்:*

முன்னால் உள்ள கழித்தல் குறி ‘விலக்கு’ என்றும், நட்சத்திரக் குறி ‘ஏதேனும் ஒரு மதிப்பு’ என்றும் பொருள்படும். நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரம் வரை என்று எல்லைகளைத் திறந்துவிட்ட வீச்சு வினவலையும் பலர் எழுதுவதுண்டு. பழைய நிரல்களில் அதையே அதிகம் காண்பீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. லூசீன் விலக்குவதை மட்டும் கொண்ட வினவலுக்கு விடை தராது, ஏனெனில் எதிலிருந்து விலக்குவது என்று அதற்குச் சொல்லப்படவில்லை. வினவலின் மேல்மட்டத்தில் விலக்கு மட்டும் இருந்தால், ‘எல்லா ஆவணங்களிலிருந்தும்’ என்பதைச் சோலர் தானே சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் போய்விட்டால் சேர்ப்பதில்லை. ‘பெங்களூரா வகைச் சீட்டுகள், அல்லது பிரிக்ஸ் இல்லாத சீட்டுகள்’ என்று கேட்க விரும்பி

வகை:பெங்களூரா || (-பிரிக்ஸ்:*)

என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு சீட்டையும் தராது. பெங்களூரா மட்டும் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை வருகிறதே என்று நாமும் நம்பிவிடுவோம். சரியான வடிவம்:

வகை:பெங்களூரா || (*:* -பிரிக்ஸ்:*)

நட்சத்திரம், முக்காற்புள்ளி, நட்சத்திரம் என்பது எல்லா ஆவணங்களையும் குறிக்கும். மேல்மட்டத்தில் தேவையில்லை என்றாலும் எங்கும் அதைச் சேர்த்தே எழுதும் பழக்கத்தை நான் வைத்திருக்கிறேன். நாளை யாராவது அந்த வரியை வெட்டி இன்னொரு வினவலுக்குள் ஒட்டினாலும் அது உடையாது. (சோலர் உருவானதும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் ஒரே ஆண்டில், 2004-இல். இரண்டுக்கும் ஒரே வயது என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.)

எலாஸ்டிக்சர்ச்சில் ‘மிஸ்ஸிங்’ என்ற வினவல் இருந்ததே, அது எங்கே போயிற்று?

5.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. இப்போது, மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ வினவலை, நிபந்தனைகளை இணைக்கும் ‘பூல்’ வினவலில் விலக்குவதற்கான ‘மஸ்ட் நாட்’ பகுதிக்குள் வைப்பதுதான் முறை. ‘மஸ்ட் நாட்’ மட்டும் இருந்தாலும் எல்லா ஆவணங்களிலிருந்தும் கழித்தே விடை வரும். அப்பகுதி பொருத்த மதிப்பெண் கணக்கிடாது என்பதால் அனைத்து விடைகளுக்கும் மதிப்பெண் சுழியமாக இருக்கும். ஆகவே நாள், எடை போன்ற ஏதேனும் ஒன்றால் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வரும் வரிசைக்குப் பொருள் ஒன்றுமில்லை. ஓப்பன்சர்ச் 2021-இல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்து உருவானது என்பதால் அங்கும் இதே எழுத்துமுறைதான்.

‘இருக்கிறதா’ என்று சோதிப்பதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

புலத்தின் வகையைப் பொறுத்தது. பழைய வழியில், எல்லைகள் திறந்த வீச்சு வினவல் சரப் புலத்தின் எல்லாச் சொற்களின் பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து அவற்றிலுள்ள எண்களைத் திரட்டும். ‘வகை’ புலத்தில் பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா, பங்கனப்பள்ளி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களே இருப்பதால் அது ஒரு பொருட்டல்ல. கைப்பேசி எண் புலத்திலோ ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு சொல். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினால்தான் ‘யார் யாருக்கு எண் உண்டு’ என்ற பட்டியல் கிடைக்கும். எண்ணற்ற வெவ்வேறு சொற்கள் உள்ள ‘குறிப்புரை’ போன்ற புலங்களில் இவ்வழியைக் கையாளவே கூடாது.

இப்போதைய லூசீன் இதைவிட நல்ல வழி ஒன்றை வைத்திருக்கிறது. வரிசைப்படுத்தவும் கூட்டிக் கணக்கிடவும் பயன்படும் நிரல்வாரிச் சேமிப்பு ஒரு புலத்துக்கு இருந்தால், எந்தெந்த ஆவணத்தில் மதிப்பு உண்டு என்ற தகவல் அதிலேயே அடங்கியிருக்கிறது. 2017-இல் வந்த லூசீன் 7 முதல், மதிப்புள்ள ஆவணங்களை மட்டும் தாண்டித் தாண்டிச் செல்லும் முறையில் இது அமைந்துள்ளது. பகுப்பாய்வு செய்யப்படும் (அதாவது தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கப்படும்) உரைப் புலங்களுக்கு நீள அளவைக் குறிக்கும் ‘நார்ம்ஸ்’ என்ற சேமிப்பு இதே பணியைச் செய்யும். இவ்விரண்டில் ஒன்றாவது இருந்தால் சொற்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஆகவே இடம் மிச்சம் என்று எண்ணி இவ்விரண்டையும் அணைத்துவிடும் முன், அப்புலத்தின் இன்மையைப் பற்றி யாரேனும் கேட்பார்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்விரண்டும் இல்லாத புலங்களுக்காக எலாஸ்டிக்சர்ச் இன்னொரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது: ஆவணத்தில் எந்தெந்தப் புலங்களுக்கு மதிப்பு இருக்கிறதோ அப்புலங்களின் பெயர்களையே சொற்களாக ஓர் உள்புலத்தில் சுட்டியிடுவது. முன்பு எல்லாப் புலங்களுக்கும் இதைச் செய்தார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் அத்தனை பெயர்களையும் எழுதுவது சுமையானதால் பிறகு சுருக்கிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள், கீழே இதற்கே திரும்பி வருவோம்.

வேறு நிபந்தனைகளும் சேர்ந்தால் வேகம் குறையுமா?

இல்லை, வேகம் அதிகரிக்கும். ‘பர்கூரிலிருந்து நேற்று வந்த சுமைகளில் பிரிக்ஸ் இல்லாதவை’ என்று கேட்டால், பொறி முதலில் பர்கூர், நேற்று என்ற இரு நிபந்தனைகளால் சில நூறு சீட்டுகளுக்கு வந்துவிடும். விலக்கும் சோதனை அந்தச் சில நூறுக்கு மட்டுமே நடக்கும். இன்மை வினவலைத் தனியாக விடாமல், குறுக்கும் நிபந்தனை ஒன்றோடு சேர்த்து அனுப்புவதே செலவில்லாத முதல் மருந்து. பலருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. மண்டியில் யாரும் பத்து ஆண்டுச் சீட்டுகளின் குறைகளை ஒரே நேரத்தில் கேட்பதில்லை. இந்த வாரத்தைத்தான் கேட்கிறார்கள்.

வடிகட்டியாக எழுதி, விடையைக் கேச்சில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துவிட்டால் போதாதா?

ஓரளவுக்குப் போதும். சோலரில் இன்மை நிபந்தனையை முதன்மை வினவலில் எழுதாமல் வடிகட்டி வினவலாகத் தனியே கொடுத்தால், விடை ஆவணத்துக்கு ஒரு பிட் என்ற கணக்கில் நினைவகத்தில் வைக்கப்படும். சுட்டியில் 20,00,000 சீட்டுகள் இருப்பதாகக் கொண்டால் ஒரு வடிகட்டிக்கு 2,50,000 பைட், அதாவது கால் மெகாபைட் அளவுதான். அடுத்த முறை அதே வடிகட்டி வரும்போது கணக்கிடும் வேலை இல்லை.

ஆனால் சோலரில் புதிய ஆவணங்களைத் தேடலுக்குத் திறந்துவிடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேச் காலியாகிவிடும். ஜூன் மாதத்தில் லாரிகள் வரிசையில் நிற்க, நிமிடத்துக்கு ஒருமுறை புதிய சீட்டுகள் ஏறிக்கொண்டிருக்கும்போது, கேச் சூடேறுவதற்கு முன்பே கலைந்துவிடுகிறது. பருவம் முடிந்த பின் அழகாக வேலை செய்யும். அப்போது அதைக் கேட்பார் இல்லை. எலாஸ்டிக்சர்ச்சின் கேச் செக்மென்ட் (சுட்டியின் தனித்தனித் துண்டு) வாரியாக இயங்குவதால் பழைய பெரிய செக்மென்ட்டுகளின் விடை நிலைத்திருக்கும், ஆயினும் எதைக் கேச்சில் வைப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது; சிறிய செக்மென்ட்டுகளை அது வைப்பதே இல்லை.

விடுபட்ட இடத்தில் ஓர் இயல்பு மதிப்பை இட்டுவிட்டால் சிக்கல் தீருமே?

தேடல் சிக்கல் தீரும், வேறு சிக்கல்கள் பிறக்கும். இதை நான் செய்து பார்த்துக் கெட்டுப்போனவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். முதல் பருவத்தில் பிரிக்ஸ் இல்லாத சீட்டுகளுக்குச் சுழியம் இட்டேன். ‘பிரிக்ஸ் சுழியம்’ என்று தேடினால் நொடியில் விடை வந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு ஊர்வாரிச் சராசரி எடுத்த அறிக்கையில் சில ஊர்களின் பழமெல்லாம் சப்பென்று இருப்பதாகக் காட்டியது. 14, 15 என்று இரண்டு நல்ல அளவீடுகளுடன் ஒரு சுழியம் சேர்ந்தால் சராசரி 9.67 ஆகிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காத என் தவறு அது. அறிக்கையைக் கண்ட விவசாயி ஒருவர், “எங்க தோட்டத்துப் பழத்தை ஒரு துண்டு தின்னு பார்த்துட்டுச் சொல்லு தம்பி” என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இட்டு வைத்த மதிப்பு உண்மையான மதிப்பு போலவே வேடம் போடும் என்பதுதான் இதன் குறை. நாள் புலத்தில் 1900-ஆம் ஆண்டை இட்டால் வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒரு பெரிய தூண் எழும்பும். ஊர் அல்லது மாவட்டப் புலத்தில் இயல்பு மதிப்பு இடுவது இன்னும் ஆபத்தானது. பழைய பேரேடுகளிலிருந்து தட்டச்சு செய்த சீட்டுகளில் மாவட்டம் என்ற புலமே இல்லை என்பதால், எல்லாவற்றுக்கும் ‘கிருஷ்ணகிரி’ என்று இட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 09-02-2004 அன்று. அதற்கு முந்தைய சீட்டுக்குக் கிருஷ்ணகிரி நகரமே தர்மபுரி மாவட்டம்தான். அதற்குப் பிந்தைய சீட்டிலும் பாலக்கோட்டிலிருந்தோ காரிமங்கலத்திலிருந்தோ வந்த சுமைக்கு மாவட்டம் தர்மபுரியே. தெரியாததைத் தெரியாதது என்று வைத்திருந்தால் பின்னால் திருத்த இடமுண்டு. ஊகித்து நிரப்பியதை எப்படிப் பிரித்தெடுப்பது?

எழுத்துச்சரப் புலத்துக்கு மட்டும் எலாஸ்டிக்சர்ச்சின் ‘நல் வேல்யூ’ அமைப்பைப் பயன்படுத்துவதில் பெரிய கேடில்லை. அது மூல ஆவணத்தை மாற்றாமல் சுட்டியில் மட்டும் ஒரு குறிச்சொல்லை இடுகிறது. ஆனால் வெளிப்படையாக ‘நல்’ என்று எழுதி வந்த இடத்தில்தான் அது இயங்கும். புலமே இல்லாமல் வந்தாலும், வெற்றுப் பட்டியலாக வந்தாலும் இயங்காது.

அப்படியானால் நீங்கள் பரிந்துரைக்கும் வழி எது?

பேரேட்டில் இல்லாத பக்கத்தை நாமே தொடங்கிவிடுவதுதான். ஆவணம் சுட்டிக்குள் நுழையும்போது ‘விடுபட்டவை’ என்று ஒரு கூடுதல் புலத்தைச் சேருங்கள். பல மதிப்புகளை ஏற்கும், பகுப்பாய்வு செய்யப்படாத சரப் புலமாக அது இருக்க வேண்டும். எந்தெந்தப் புலம் இல்லையோ அப்புலத்தின் பெயர் அதில் ஒரு சொல்லாக ஏறும். பிரிக்ஸும் கைப்பேசி எண்ணும் இல்லாத சீட்டில் ‘பிரிக்ஸ்’, ‘கைப்பேசி’ என்று இரண்டு சொற்கள் இருக்கும். எல்லாம் நிரம்பிய சீட்டில் இந்தப் புலமே இருக்காது. இனி வினவல் இவ்வளவுதான்:

விடுபட்டவை:பிரிக்ஸ்

இது விலக்கும் வினவல் அன்று, சாதாரணச் சொல் தேடல். பொறி ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கிறது. அப்பக்கத்தில் இருப்பவை விடைகள் மட்டுமே. இருபது லட்சத்தில் நானூறு சீட்டில் பிரிக்ஸ் இல்லை என்றால் படிக்க வேண்டிய எண்கள் நானூறு. ‘அல்லது’ என்று இணைத்தாலும், அடைப்புக்குறிக்குள் வைத்தாலும் முன்பு சொன்ன கண்ணி எதுவும் கிடையாது. எலாஸ்டிக்சர்ச் தன் உள்புலத்தில் இருப்பவற்றின் பெயரை எழுதுகிறது. நாம் இல்லாதவற்றின் பெயரை எழுதுகிறோம். நம் சீட்டுகளில் இல்லாதவை குறைவு என்பதால் நம் பட்டியல் குட்டையாக இருக்கிறது. ஒரு புலம் பெரும்பாலான ஆவணங்களில் இல்லாமலே இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே ‘உள்ளவை’ என்று பட்டியலிடுவதோ, சாதாரண ‘எக்ஸிஸ்ட்ஸ்’ விலக்கோ போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, எல்லாப் புலத்துக்கும் இதைச் செய்ய வேண்டாம். உண்மையிலேயே மக்கள் கேட்கும் நான்கைந்து புலங்களுக்குச் செய்தால் போதும். இரண்டாவது, முன்பு சொன்ன மூன்று வகை இன்மைகளையும் இங்கேதான் பிரிக்க முடியும் என்பதால் பிரித்துவிடுங்கள். ஊறுகாய்க் காய்க்கான சீட்டில் ‘பிரிக்ஸ்’ என்பதை விடுபட்டவற்றில் சேர்க்காதீர்கள். சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் பரிசோதகர். நிரல் எழுதுபவர் அல்லர். அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதில் எனக்குக் கிடைத்த தெளிவு எந்தக் கையேட்டிலும் கிடைக்கவில்லை.

பிரிக்ஸ் பிறகு வந்து சேர்ந்தால் அந்தச் சொல்லை யார் நீக்குவது?

இந்த முறையின் பலவீனம் இதுவே. சுமை காலையில் வரும், பரிசோதனை மாலையில் முடியும். மாலையில் பிரிக்ஸ் எண்ணை மட்டும் ஒரு பகுதிப் புதுப்பிப்பாக அனுப்பினால், ‘விடுபட்டவை’ புலம் காலையில் இருந்தபடியே நின்றுவிடும். ஒரே சீட்டு ‘பிரிக்ஸ் 15’ என்றும் ‘பிரிக்ஸ் இல்லை’ என்றும் சொல்லும். ஆகவே எந்த வழியில் புதுப்பித்தாலும் முழு ஆவணத்தையும் ஒரே இடத்தில் கட்டி, அங்கேயே விடுபட்டவற்றைக் கணக்கிட்டு, முழுமையாகவே சுட்டிக்கு அனுப்புங்கள். லூசீன் எப்படியும் பழைய ஆவணத்தை நீக்கியதாகக் குறித்துவிட்டுப் புதியதை முழுதாகத்தான் எழுதுகிறது என்பதால் இதனால் பெரிய இழப்பில்லை.

ஏற்கெனவே சுட்டியில் உள்ள பழைய சீட்டுகளுக்கு இப்புலம் இருக்காதே?

மறுசுட்டியிட வேண்டும். மூலத் தரவு தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தால், புதிய பெயரில் ஒரு சுட்டியைக் கட்டி முடித்து, வினவல்கள் சுட்டியை அழைக்கும் மாற்றுப்பெயரை அதன் பக்கம் திருப்பிவிடுவது பாதுகாப்பானது. எலாஸ்டிக்சர்ச்சில் இருக்கும் சுட்டியிலேயே, பிரிக்ஸ் இல்லாதவற்றை ‘மஸ்ட் நாட்’ வழியில் ஒருமுறை தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் புதுப்பிக்கவும் முடியும். மெதுவான அந்த வினவல் ஒரே ஒருமுறை ஓடினால் கவலையில்லை. இவ்வேலையைப் பருவத்தின் நடுவில் செய்யாதீர்கள்.

ஒரே சீட்டில் பல வகைகள் இருந்தால்?

ஒரு லாரியில் பெங்களூராவும் செந்தூராவும் சேர்ந்து வரும். சீட்டில் வகைக்கு ஒரு வரி இருக்கும். இவ்வரிகளை உள்ளமைந்த ஆவணங்களாக (சீட்டுக்குள்ளேயே தனித்தனிச் சிற்றாவணங்களாக) எலாஸ்டிக்சர்ச்சில் சேமித்திருந்தால், விலக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். உள்ளமை வினவலுக்கு வெளியே விலக்கினால், ‘எந்த வரியிலுமே பிரிக்ஸ் இல்லாத சீட்டு’ என்று பொருள். உள்ளே விலக்கினால், ‘ஒரு வரியிலாவது பிரிக்ஸ் இல்லாத சீட்டு’ என்று பொருள். பரிசோதகர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. நிரலில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் முதலாவது. இங்கும் ‘விடுபட்டவை’ புலம் கைகொடுக்கும்: ஒரு வரியில் இல்லாவிட்டாலும் சீட்டின் மேல்மட்டத்தில் அச்சொல்லை ஏற்றிவிடலாம்.

எனக்குச் சீட்டுகள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கென ‘மிஸ்ஸிங்’ என்ற தொகுப்புக் கணக்கு இன்றும் இருக்கிறது. நீக்கப்பட்டது அப்பெயரில் இருந்த வினவல் மட்டுமே. சோலரில், ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை ஆவணங்கள் என்று தரும் முகப்பு எண்ணிக்கையோடு விடுபட்டவற்றையும் சேர்த்துத் தரும்படி கேட்கலாம்.

தரவுத்தளத்திலேயே கேட்டுவிட்டால் என்ன?

பல நேரங்களில் அதுவே சரி. குறைகளைத் திருத்துவதற்காக ஒரு பட்டியல் மட்டும் வேண்டும், சொல் தேடலோடு அது கலக்க வேண்டியதில்லை என்றால், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் மதிப்பு ‘நல்’ ஆக உள்ள வரிசைகளுக்கு மட்டும் ஒரு பகுதிச் சுட்டி அமைத்தால் போதும். அதுவும் விடுபட்டவற்றுக்கென்று தனிப் பக்கம் தொடங்குவதே. தேடல் பொறி தேவைப்படுவது, ‘குறிப்புரையில் அழுகல் என்று எழுதியிருந்து, பிரிக்ஸ் எழுதாத சீட்டுகள்’ போன்ற கலப்புக் கேள்விகளுக்கு.

வரும் விடை சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

இருப்பவற்றின் எண்ணிக்கையையும் இல்லாதவற்றின் எண்ணிக்கையையும் (ஊறுகாய்ச் சீட்டு போல விடுபட்டவற்றில் சேர்க்காதவை இருந்தால் அவற்றையும்) கூட்டி, மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் நிரப்பிகளோ, பழைய ‘விடுபட்டவை’ சொற்களோ எங்கோ தங்கியிருக்கின்றன. பொருந்தினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: எலாஸ்டிக்சர்ச்சில் புலத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தால், அப்படி ஒரு புலம் எந்த ஆவணத்திலும் இல்லை என்பதால், விலக்கு வினவல் பிழை காட்டாமல் எல்லா ஆவணங்களையும் விடையாகத் தரும். கூட்டலும் சரியாகவே வரும். ஒரு நாள் காலையில் திரையில் ‘பிரிக்ஸ் இல்லாதவை’ என்று மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கையும் அப்படியே தெரிந்தால், பரிசோதகரைத் தொலைபேசியில் அழைக்கும் முன் வினவலில் புலத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.